புத்தகத்தில் இல்லாத மகள் புலம்பல்

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது கதையைத் தொடங்கினால் நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் போடுகிற ஆள். இங்கே பிரான்சில், லா சப்பல் மெட்ரோ வாசலில் சாத்திரக்காரர்களின் துண்டுப் பிரசுரத்தைக் கையில் திணிப்பார்களே, பிரிந்தவர் சேருவார், செய்வினை கழியும் என்று, அதை வாங்கி வாயிலிருக்கிற சுவிங்கத்தைச் சுற்றிக் குப்பையில் போடுவேன். அதனால் நான் இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் வாய்விட்டே சிரித்திருப்பேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவைக்கிறேன். மற்றவர்களின் கதைகளில் நடுச்சாமம் வரும், நாய் ஊளையிடும், மல்லிகைப்பூ மணக்கும். என்னுடையது பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வடையும் சாம்பாரும் மணக்கிற மண்டபத்தில், ஒரு கூட்டம் சனத்துக்கு முன்னால் நடந்தது.

என் பெயர் சுகந்தி. கிழமை நாட்களில் பெர்தொனே தெருவில் ஒரு சேலைக் கடையில் நிற்கிறேன், சனி ஞாயிறில் பாடுகிறேன். சங்கீதக் கச்சேரி இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை, நாட்டுப் பாடல். வயல் பாட்டு, தோணிப் பாட்டு, தாலாட்டு, கூத்துப் பாட்டு எல்லாம் பாடுவேன், ஆனால் நான் கண்ணால் கண்ட வயல் என்றால் ரயில் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற பிரான்சின் கோதுமை வயல்தான். மூன்று வயதில் அம்மாவோடு கொழும்பிலிருந்து வந்தவள் நான். அப்பா எங்களுக்கு முன்பே வந்து இங்கே வேலை செய்துகொண்டிருந்தார். வளர்ந்தது, படித்தது எல்லாம் பியர்ஃபித் புறநகரில். அப்பா லூயி-பிளாங் தெருவில் வாங்கி வரும் கசெட்டுகளைப் போட்டுப் போட்டுத்தான் இந்தப் பாட்டெல்லாம் எனக்கு ஒட்டிக்கொண்டது. நான் பள்ளிக்கூடம் முடிக்க முன்னமே அப்பா மாரடைப்பில் போய்விட்டார், பிறகு நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு நான் பாடுவது பிடிக்கும், மேடையில் ஏறுவது மட்டும் பிடிக்காது. நோட்டீசில் படம் போடாதே, கண்ணூறு படும் என்பார். நான் கேட்டால்தானே.

கலியாண வீடு, சாமத்திய வீடு, தேர்த் திருவிழா என்று பாடுகிறவளுக்குச் செத்த வீட்டுப் பாட்டும் வரத்தானே வேண்டும். எங்கள் யாழ்ப்பாணத்துச் சைவக்காரரில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய, அவரைப் பற்றிக் கல்வெட்டு பாடுவார்கள். கல்வெட்டு என்றால் கல்லில் ஒன்றும் வெட்டுவதில்லை, ஒரு சின்னப் புத்தகம்தான். செத்தவரின் ஊர், குலம், வாழ்க்கை எல்லாம் பாட்டாக இருக்கும், அதற்குப் பிறகு புலம்பல் வரும். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று அந்தந்த உறவு தானே வாய்விட்டு அழுவது போலப் புலவர் ஒருவர் எழுதிக் கொடுப்பார். அழுதுகொண்டிருக்கிற மகனால் அதைப் பாட முடியுமா? அதற்குத்தான் என்னைப் போல ஓர் ஆள். நான் மகனாக அழுவேன், மருமகளாக அழுவேன், பேரனாக அழுவேன், முடிந்ததும் எல்லோரோடும் பந்தியில் இருந்து இரண்டு வடை கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன். தொழில் அப்படி. அழுகிற வீட்டுக்கெல்லாம் நெஞ்சைக் கொடுத்தால் நான் என்றைக்கோ படுத்திருப்பேன்.

நான் சொல்லுகிற சம்பவம் நடந்து ஏழெட்டு வருடம் இருக்கும். ஒரு நாள் கடைக்கு ஒருவர் வந்தார். குகன் என்று பெயர், லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. 2009இல் சண்டை முடிந்து, முகாமில் இருந்து, பிறகு எப்படியோ இங்கே வந்து சேர்ந்தவர், இரண்டு மூன்று வருடம் கழித்துத் தன் தாயையும் கூப்பிட்டு எடுத்தவர். அந்தத் தாய், இராசமலர் அம்மா, அப்போதுதான் காலமாகியிருந்தார்.

"அம்மாவுக்கு உங்கட பாட்டெண்டால் உயிர், தங்கச்சி. கல்வெட்டை நீங்கள்தான் படிக்க வேணும்," என்றார்.

"உங்கட அம்மாவை எனக்குத் தெரியாதே அண்ணை."

"பரவாயில்லை. அவவுக்கு உங்களைத் தெரியும்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், பார்த்த வேகத்திலேயே திரும்பிக் காஞ்சிபுரம் சேலைகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். தாயைப் பறிகொடுத்த மனிதன், கண்ணீரை மறைக்கிறார் என்று நினைத்தேன். எங்கள் சனத்தில் தெரியாத பெண்ணைத் தங்கச்சி என்பதும் தெரியாத ஆணை அண்ணை என்பதும் வழக்கம்தானே, அதில் நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

புத்தகம் அச்சாகி வந்ததும் என்னிடம் ஒன்று தந்தார். ரயிலில் போகும்போதும் வரும்போதும் பாடிப் பழகினேன். வாழ்க்கை வரலாறு, மகன் புலம்பல், மருமகள் புலம்பல், பேரர் புலம்பல், கடைசியில் எல்லோருக்கும் தேறுதல் சொல்லுகிற தேற்றம். ஒரே மகன், மகள் இல்லை. சின்னப் புத்தகம், தொண்டைக்கு வேலை குறைவு என்று எனக்குச் சந்தோஷம் வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை லா சப்பலில் ஒரு நிலக்கீழ் மண்டபத்தில் வைத்தார்கள். ஐயர் வந்து கிரியை முடித்துப் போய்விட்டார். முன்னால் மாலை போட்ட படம், குத்துவிளக்கு, படையல். நான் வெள்ளைத் துணி விரித்த இடத்தில், சுவரில் முதுகு சாய்த்து இருந்து, போனில் சுருதியைப் போட்டேன். படத்தைப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பொய் சொல்லமாட்டேன், ஒன்றும் தோன்றவில்லை. மூக்குத்தி போட்ட, முன்பல் கொஞ்சம் எடுப்பான ஓர் அம்மா. அவ்வளவுதான். பின்னால் பந்திக்கு வாழையிலை கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பாடத் தொடங்கினேன். வரலாறு முடிந்தது. மகன் புலம்பலில் குகன் அண்ணை குலுங்கிக் குலுங்கி அழுதார். மருமகள் புலம்பலில் அவர் மனைவி தேவி அழுதார். பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கத்தில் மேலே கொட்டை எழுத்தில் 'மகள் புலம்பல்' என்று இருந்தது.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், அதை நான் என் கண்ணால் வாசித்தேன். அதே எழுத்து, அதே கறுப்பு மை, சுற்றிவரப் பூக்கோலம். பழகும்போது இந்தப் பக்கத்தைக் காணவில்லையே, இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். சபையில் நிறுத்தக் கூடாது என்று பாடிவிட்டேன்.

விடியமுன்னம் எழுப்பி வேற்றுச்சட்டை போட்டுவிட்டாய்
படியிறங்கும் போதிலே பார்க்காதே என்றாயே
மடியிருந்த பிள்ளைக்கு மறுபேர் சொல்லித்தந்தாய்
அடியெடுத்துப் போனேனே அம்மாநான் திரும்பலையே

பாதிப்பாய் எனக்குவிட்டுப் படுத்தாயே இத்தனைநாள்
வீதியிலே நான்பாட விலகிநின்று கேட்டாயே
நாதியற்றுப் போகாமல் நல்லஇடம் தந்தவளே
மீதிப்பாய் உனக்குத்தான் மெல்லநீ உறங்கம்மா

பாடகி என்ற முறையில் இன்னொன்று சொல்ல வேண்டும். கல்வெட்டுக்கு நான் வழக்கமாகப் போடுவது இரண்டு மெட்டுத்தான், எந்தப் பாட்டையும் அந்த இரண்டில் ஒன்றுக்குள் அடக்கிவிடுவேன். இது இரண்டும் இல்லை. எனக்குத் தெரியாத மெட்டு, ஒப்பாரியும் இல்லாமல் தாலாட்டும் இல்லாமல் நடுவில் நின்றது. என் வாய் பாட நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதோடு முதுகில் யாரோ மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார்கள், பிள்ளையை நித்திரையாக்கத் தட்டுவார்களே, அப்படி, பாட்டின் தாளத்துக்கு. பின்னாலிருக்கிற யாரோ மனுசி ஆறுதலுக்குத் தட்டுகிறார் என்று நினைத்தேன். பயம் ஒன்றும் வரவில்லை, மனதுக்கு இதமாகத்தான் இருந்தது. பாடி முடித்த பிறகுதான் எனக்குப் பின்னால் சுவர் என்பது ஞாபகம் வந்தது.

தேவி வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். குகன் அண்ணை எழும்பி வந்து என் முன்னால் அப்படியே இருந்து, என் கையிலிருந்த புத்தகத்தைப் பறித்தார்.

"எங்கை இருக்கு? எங்கை இருக்கெண்டு காட்டுங்கோ!"

நான் வாங்கித் திருப்பினேன். மருமகள் புலம்பல். அடுத்த பக்கம் பேரர் புலம்பல். முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பினேன், பக்கத்து மனுசியின் புத்தகத்தையும் வாங்கிப் பார்த்தேன். மகள் புலம்பல் என்று ஒரு பக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கூட்டத்தில் யாரோ ஒரு வயதானவர், "இராசமலருக்கு ஏது மகள்? பாட்டுக்காரப் பிள்ளை வேற வீட்டுக் கல்வெட்டைப் படிச்சுப்போட்டுது," என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. போன மாதம் பாடிய ஏதோ வீட்டுப் புலம்பல் வாய்தவறி வந்துவிட்டது என்று நினைத்தேன், முகம் எரிந்தது. எங்கள் தொழிலில் அதைவிட வெட்கக்கேடு இல்லை. ஒரு வீட்டுத் துக்கத்தை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் இறக்குவது என்றால் சும்மாவா. அவசர அவசரமாகப் பேரர் புலம்பலையும் தேற்றத்தையும் பாடி முடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்கக் குகன் அண்ணையைத் தேடிப் போனேன். அவரும் தேவியும் மண்டபத்துக் குசினிக்குள் நின்றார்கள்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ, வேற வீட்டுப் பாட்டு..."

"வேற வீட்டுப் பாட்டில்லை," என்றார். "அந்தப் பாட்டு இந்த வீட்டுப் பாட்டுத்தான். சத்தியமாச் சொல்லுறன் தங்கச்சி, நான் ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்லை. இவளுக்குக்கூடச் சொல்லேல்லை."

தேவி என் கையைப் பிடித்தார். "பாதிப் பாய் எண்டு பாடினீங்களே. அது எப்பிடித் தெரியும்? மாமி இஞ்சை வந்து கட்டிலிலையும் பாதியை விட்டிட்டுச் சுவரோட ஒட்டித்தான் படுக்கிறவ. நல்லாத் தள்ளிப் படுங்கோ மாமி எண்டால், இல்லைப் பிள்ளை, அந்தப் பக்கம் ஆள் இருக்கு எண்டுவா. வயசு போய் மூளை தட்டுது எண்டு நினைச்சனான்."

குகன் அண்ணை சுவரைப் பார்த்தபடி சொன்னார். அவருக்கு அப்போது எட்டு வயது, கொழும்பில் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ். தகப்பனை றோட்டில் பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பி விடவில்லை. தாயும், அவரும், மூன்று வயதுத் தங்கச்சியும். அந்தத் தங்கச்சியைத் தாய் ஒரு நாள் பக்கத்து அறை அன்ரியோடு வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"விடிய எழுப்பி, அன்ரி குடுத்த சட்டையைப் போட்டுவிட்டவ. பேர் கேட்டால் சுகந்தி எண்டு சொல்லு எண்டு முதல் நாள் முழுக்க மடியில வைச்சுப் பழக்கினவ. திரும்பிப் பாத்தால் அழுவாய், பாக்காதை எண்டவ. நான் மாடியில நிண்டு பாத்தனான். நீங்கள் திரும்பிப் பாக்கவே இல்லை."

'நீங்கள்' என்றார். கவனித்தீர்களா? அவருடைய தங்கச்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தவர், இடையில் 'நீங்கள்' என்றார். நான் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த சோற்றுக் கிடாரத்தின் மேல் இருந்துவிட்டேன்.

இங்கே வந்து ஒரு கடைச் சுவரில் என் படம் போட்ட நோட்டீசைக் கண்டு, அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டாராம் இராசமலர் அம்மா. சுகந்தி என்ற பெயரும், தகப்பனை உரித்துவைத்த முகமும். அதற்குப் பிறகு நான் பாடின இடத்தில் அவர் வராத இடமே இல்லையாம். தேர் அன்று தண்ணீர்ப் பந்தலில் நான் பாடும்போது எதிர்ப்பக்க நடைபாதையில் நிற்பாராம். கிட்டப் போவோம் என்றால் வரமாட்டாராம். தேடி வரமாட்டேன், பிள்ளையைக் குழப்பமாட்டேன் என்று அன்ரிக்கு உன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன், பண்ணினது பண்ணினதுதான் என்பாராம்.

"என்னட்டையும் சத்தியம் வாங்கினவ. அதுதான் உங்களைக் கல்வெட்டுப் படிக்கக் கூப்பிட்டனான். நீங்கள் ஆரெண்டு தெரியாமலே அவவுக்கு முன்னால இருந்து பாடினால் காணும், அவ்வளவாவது அவவுக்குக் கிடைக்கட்டும் எண்டு. நான் சத்தியத்தை மீறேல்லை. அம்மாதான் மீறிட்டா."

பிறகு என் காதுக்குள் ஒரு பெயர் சொன்னார். சுகந்திக்கு முதல் நான் என்னவாக இருந்தேன் என்ற பெயர். அதை இங்கே சொல்லமாட்டேன், அது எனக்கும் அண்ணைக்கும்.

மனோதத்துவம் படித்த சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். இதெல்லாம் மூன்று வயது ஞாபகம், மனதின் அடியில் கிடந்து அந்தச் சூழலில் மேலே வந்துவிட்டது என்றாள். சரி, முதல் பாட்டுக்கு அந்தக் கணக்குச் சரிவரும், சட்டையும் படியும் எனக்கு நடந்தவைதானே. நான் போன பிறகு அவர் பாதிப் பாயில் படுத்ததை எந்த ஞாபகத்தில் கண்டேன் என்று கேட்டேன். அவள் கோப்பியைக் கலக்கு கலக்கென்று கலக்கினாள். பாட்டு அந்த மண்டபத்துச் சவுண்ட்காரரின் பதிவில் இருக்கிறது, வேண்டுமென்றால் போனில் போட்டுக் காட்டுவேன். அந்த மெட்டு தன் தாய் சமைக்கும்போது முணுமுணுக்கிற மெட்டு என்று பிறகொரு நாள் அண்ணை சொன்னார்.

அன்று பந்தியில் நான் இருக்கவில்லை. ரயில் பிடித்து நேரே வீட்டுக்குப் போனேன். ஒரு சொட்டு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த அம்மாவில் கோபம், என் அம்மாவில் கோபம், பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாமல் மேடை மேடையாகத் தாலாட்டுப் பாடிய என்னிலும் கோபம்.

அம்மா மேசையில் பேப்பர் விரித்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, இராசமலர் எண்டால் ஆர்?"

கை நின்றது. இவள் கண்டுபிடித்துவிட்டாளே என்று பதறுவார், மறுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"போயிட்டாவோ?"

"ஓம். இண்டைக்கு முப்பத்தொண்டு. நான்தான் கல்வெட்டுப் படிச்சனான்."

"உன்னைக் கிட்டத்தில ஒருக்கா எண்டாலும் பாத்தவவோ?"

"இல்லை."

அம்மா முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். அவர் அப்படி அழுது நான் கண்டதே இல்லை, அப்பா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. அழுது முடித்துத்தான் சொன்னார். அப்பா இங்கிருந்து மனைவிக்கும் மகளுக்கும் விசா எடுத்து அனுப்பியிருந்தார். அது வந்து கையில் கிடைக்கும் நேரம் பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல். தெரிந்தவர் அறிந்தவர் இல்லாத கொழும்பில், அம்மா லொட்ஜ்காரர் இரண்டு பேரோடு போய் அந்தப் பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்து அறையில் விழுந்து கிடந்திருக்கிறார். அந்தப் பிள்ளைதான் சுகந்தி.

"பக்கத்து அறையிலிருந்து அவதான் சோறு கொண்டந்து தீத்தினவ. தீத்திப்போட்டுச் சொன்னா, அக்கா, உங்கட பிள்ளைக்கு வந்த இடம் சும்மா போகக் கூடாது, என்ரையைக் கொண்டுபோங்கோ, அதாவது உயிரோட இருக்கட்டும் எண்டு. நான் அவவை வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டன். என்ர பிள்ளை செத்த ஈரம் காயேல்லை, உனக்கு இடம் கேக்குதோ எண்டனான். அவ சோத்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு போயிட்டா. நீதான் அறைக்குள்ள வந்து என்ர காலடியில படுத்து நித்திரையாப் போனாய்."

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"அவர் வெளிக்கிடேக்கை பிள்ளை வயித்தில. முகம் கண்டவரில்லை. எயார்போர்ட்டில உன்னைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிக்கேக்கைதான் சொன்னனான். அவர் உன்னை இறக்கிவிடேல்லை."

அந்தச் சொல்லில்தான் எனக்கு அழுகை வந்தது. அம்மா ஆய்ந்த இலையையும் காம்பையும் ஒன்றாகக் கலந்துவிட்டு, பிறகு பிரிக்கத் தொடங்கினார்.

"வெளியில சொன்னால் விசாவை வெட்டிப்போடுவாங்கள், உன்னைப் பறிச்சுப்போடுவாங்கள் எண்ட பயம். பிறகு, சொன்னால் நீ போயிடுவாய் எண்ட பயம். இப்ப உனக்குத் தமையன் இருக்கிறான். போறதெண்டால் போ பிள்ளை. நான் மறிக்கமாட்டன்."

"விசர்க்கதை கதையாதேங்கோ!" என்று கத்திவிட்டேன். "ஆர் போறது, எங்கை போறது? இரவைக்கு முருங்கையிலை வறை எண்டுதானே சொன்னியள், சோத்தைப் போடுங்கோ."

சாப்பிட்டோம். கோப்பை கழுவும்போது அம்மா, எனக்குச் சொல்வது போலவும் இல்லாமல், "அவவுக்கு நீ அழுதிட்டாய், நல்லது. என்ர பிள்ளைக்கு ஒரு முப்பத்தொண்டுகூட இல்லை. பேப்பரில உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆர் முப்பத்தொண்டு செய்யிறது?" என்றார்.

அதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியுமா? அடுத்த ஞாயிறு காலை எங்கள் வீட்டிலேயே வைத்தோம். ஐயர் இல்லை, புத்தகம் இல்லை. வைக்க ஒரு படம்கூட இல்லை, விளக்கு மட்டும், படையலுக்கு அந்தப் பிள்ளைக்குப் பிடித்த பால் ரொபி இனிப்பு. குகன் அண்ணையும் தேவியும் வந்தார்கள். அம்மா அவரை வாசலில் நிறுத்தி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாடியில நிண்டு அழுத பெடியன்," என்றார். அவர் அன்ரி என்று கூப்பிட்டதும் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றார்கள்.

தாய் புலம்பல் ஒன்றை நானே கட்டி வைத்திருந்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து பாடினேன். செத்தவரின் பெயர் வருகிற இடமெல்லாம் என் பெயரை நானே வைத்துப் பாடுவது எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

பேரைமட்டும் தந்துவிட்டுப் போனாயே என்மகளே
ஊரைவிட்டு ஊர்வந்தும் உனைநான் மறக்கலையே

இந்த அடி வந்தபோது அம்மா வாய்விட்டு அழுதார், தடுக்காமல் விட்டோம். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அடக்கி வைத்த அழுகை. முடிந்ததும் கண்ணைத் துடைத்து, தலையை நிமிர்த்தி, "சுகந்தி," என்று கூப்பிட்டார்.

இதைக் கேளுங்கள். அம்மா என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிள்ளை என்பார், மோனை என்பார், கோபம் வந்தால் எடியேய் என்பார். பள்ளிக்கூடத்திலும் விசா அலுவல் பார்க்கிற பிரெபெக்தூரிலும் மற்றவர்களுக்குச் சொல்லும்போது மட்டும்தான் அந்தப் பெயர் அவர் வாயில் வரும். அன்றுதான் முதல்முறை கூப்பிட்டார், அதுவும் என்னைப் பார்த்து இல்லை, எனக்கு எதிர்ப்பக்கமாக, திறந்து கிடந்த அறைக் கதவைப் பார்த்து.

"ஓம் அம்மா," என்று பதில் வந்தது.

அம்மா அப்படியே முகம் மலர்ந்து, என் தலையை இழுத்து மடியில் வைத்துத் தடவினார். அண்ணையும் தேவியும் அழுதபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எல்லோரும் நான் சொன்னதாக நினைத்துக்கொண்டார்கள். இன்றுவரை அப்படியே நினைக்கட்டும் என்று விட்டிருக்கிறேன், உங்களுக்குத்தான் முதன்முதல் சொல்லுகிறேன். நான் வாய் திறக்கவில்லை. அழுகையை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வந்தது சின்னப் பிள்ளையின் குரலும் இல்லை, வளர்ந்த ஒரு பெண்ணின் குரல். அந்தப் பிள்ளை இருந்திருந்தால் இப்போது என் வயதுதான்.

அண்ணை ஞாயிறுதோறும் வருகிறார், அம்மா அவருக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறார், நான் இப்போதும் பாடுகிறேன். ஒன்றும் குறையில்லை. ஆனால் கடையிலோ தெருவிலோ யாராவது சுகந்தி என்று கூப்பிட்டால் மட்டும் நான் உடனே ஓம் என்று சொல்வதில்லை. கொஞ்சம் பொறுத்து, எனக்கு முதல் வேறு யாராவது சொல்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் திரும்புகிறேன்.